எஞ்சின் நம்பர் நோட்டு

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்குள் நுழைந்து கரும்பலகை வரை நடந்துவிட்டேன். முதல் வரிசையில் இருந்த பெண்தான் சொன்னாள்: "டீச்சர், ஒங்க எடது கால் செருப்பு வராந்தாவுலயே கெடக்கு."

குனிந்து பார்த்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி அந்தக் காலுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்து முக்கோணவியல் நடத்தினேன். அன்று முழுக்க அந்தக் காலைத் தொட்டுப் பார்க்கவே இல்லை. தொட்டால் என்ன தெரியவருமோ என்று உள்ளுக்குள் பயம் இருந்திருக்கிறது.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபத்தாறு வருடமாகக் கணக்கு ஆசிரியை. வயது ஐம்பத்திரண்டு. வீடு தச்சநல்லூரில். என் கணவர் தேவசகாயம், கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. காலையில் டியூஷன், பகலில் பள்ளி, மாலையில் மறுபடி டியூஷன், ஞாயிற்றுக்கிழமை கோவில் ஆராதனை, மிச்ச நேரத்தில் விடைத்தாள். ஒருநாளும் நான் சும்மா உட்கார்ந்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. என் வாயில் 'சும்மா' என்பது ஒரு வசவு.

அந்த வசவை அதிகம் வாங்கியவர் அவர்தான். தினமும் சாயங்காலம் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் தண்டவாளத்துக்குப் போவார். ஒரு கல்லில் உட்கார்ந்து, மதுரைப் பக்கம் போகிற வண்டி, அங்கிருந்து வருகிற வண்டி எல்லாவற்றின் எஞ்சின் நம்பரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்தப் பழக்கம். எதற்கு என்று கேட்டால் "சும்மாதான்" என்பார். ஆறு மாதம் முன்பு பார்த்த எஞ்சின் மறுபடி வந்துவிட்டால் சொந்தக்காரர் வந்ததுபோல முகம் மலர்ந்து வருவார். அக்கம்பக்கத்தில் "சார் ரயில்வேயிலயா வேல பாத்தாவ?" என்று கேட்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நாலு வருடம் முன்பு, கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடித்தபோது, அவருடைய பதினான்கு நோட்டுகளையும் பழைய பேப்பரோடு சேர்த்து எடைக்குப் போட்டேன். அவர் வந்து காலி அலமாரியைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கையில் ஒரு புது நோட்டோடு திரும்பி வந்தார். பிரச்சினை அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

செருப்பு கழன்ற மறுநாள் மாடிப்படியில் முழங்கால் மடிந்தது. அதற்கடுத்த நாள் காலையில் குளியலறையில் விழுந்தேன். வழுக்கி விழவில்லை. நின்ற இடத்தில், கால் இல்லாதவள்போலச் சரிந்தேன். அவர் வந்து தூக்கியபோது என் இரண்டு கால்களும் ஈரத்துணி மாதிரித் தொங்கின.

"ஆட்டோவக் கூப்பிடுதேன்" என்றார்.

"அரையாண்டு பேப்பர் நாப்பது கெடக்கு, நாளைக்குப் போவோம்" என்றேன். அவர் அதற்குள் வாசலுக்குப் போயிருந்தார்.

நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. நரம்பு டாக்டர் ஒரு பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர். ரப்பர் சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். கால் எகிறவில்லை. மறுபடி தட்டினார். கணுக்காலில் தட்டினார். பிறகு சுத்தியலைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"சமீபத்துல வயித்தால போச்சா டீச்சர்?"

இரண்டு வாரம் முன்பு ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு மூன்று நாள் காய்ச்சலும் பேதியுமாகக் கிடந்தேன். சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

ஜி.பி.எஸ். என்று ஒரு நரம்பு நோயைச் சொன்னார். வயிற்றுக்குள் வந்த கிருமியை அடிக்கப் புறப்பட்ட உடம்பின் காவல், கிருமி போன பிறகும் அடங்காமல் நம்முடைய நரம்புகளையே அடிக்கத் தொடங்கிவிடுமாம். மின்வயருக்கு மேலே ரப்பர் உறை இருப்பதுபோல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அது உரிந்து போனால் மூளை சொல்வது தசைக்குப் போய்ச் சேராது. பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும்.

"எதுவரைக்கும் ஏறும்?" என்று கேட்டேன்.

"ஏற ஏறத்தான் தெரியும். மூச்சு விடுத தசைக்கு வந்துட்டா மெஷின் வைக்கணும். நெறய பேருக்கு அங்க வராமலே நின்னுரும்."

முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கை கால்களில் சின்னச் சின்னதாக மின்சாரம் பாய்ச்சி நரம்பு எவ்வளவு வேகத்தில் செய்தி கொண்டுபோகிறது என்று பார்த்தார்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டிய கட்டைவிரல் சும்மா கிடந்தது. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் ஏற்ற வேண்டும் என்றார்கள். அது பலருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பு மருந்து. உரிந்த நரம்பை அது ஒட்டாது, மேலும் உரியாமல் தடுக்கும், அதுவும் உடனே அல்ல. விலையைக் கேட்டதும் என் கணவர் வெளியே போய் அக்காவுக்குப் போன் செய்தார். அன்று சாயங்காலம் நாசரேத்திலிருந்து வந்த அவருடைய அக்கா, என் மைனி, என் தங்க வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "கை வீங்கிரும்லா" என்று காரணம் சொன்னாள். நானும் நம்புவதுபோல இருந்துகொண்டேன்.

ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். அங்கே என்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் புஷ்பம், உவரிக்காரி. முதல் நாள் மத்தியானம் கட்டில் பக்கத்தில் நின்று சொன்னாள்: "டீச்சர், நல்லா மூச்ச இழுத்துக்கிட்டு, அந்த ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணணும். எங்க மூச்சு முடியுதோ அங்க நிப்பாட்டுங்க."

முப்பத்தாறு வரை எண்ணினேன். மூச்சுத் தசை எவ்வளவு பலமாக இருக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சோதனையாம். அவள் சீட்டில் எழுதிக்கொண்டு போனாள். சாயங்காலம் முப்பத்தொன்று. மறுநாள் காலை இருபத்துநாலு. மத்தியானம் இருபது.

பத்துக்குக் கீழே போனால் வாய் வழியாக மூச்சுக் குழாய் போடுவார்கள் என்று டாக்டர் என் கணவரிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. நான் கணக்கு டீச்சர். எந்த வேகத்தில் இறங்குகிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு மத்தியானம் என்று கணக்கு வந்தது. அதற்குள் கைகளும் போய்விட்டன. விரலை மடக்கு என்று நினைப்பேன். விரல் யாருடையதோபோலப் படுக்கைமேல் கிடக்கும்.

அன்று சாயங்காலம் பதினைந்தில் நின்றது. புஷ்பம் சீட்டில் எழுதாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், மறைக்காமச் சொல்லுதேன். நாளைக்குக் கொழாய் போட வேண்டியது வரும். பேச முடியாது. ஆனா நெனவு நல்லா இருக்கும். அதான் கஷ்டம். அப்ப மனசு எதையாவது புடிச்சுக்கிடணும். ஒங்களுக்கு என்ன பிடிக்கும்? பாட்டா, சினிமாவா, தையலா? சொல்லுங்க, நான் அதப்பத்திப் பேசுதேன்."

யோசித்தேன். ரொம்ப நேரம் யோசித்தேன்.

"பேப்பர் திருத்துவேன்" என்றேன்.

"அது வேலைல்லா? வேல இல்லாதப்ப?"

குழாய் போடப் போகிறார்கள் என்று அவள் சொன்னபோது வராத அழுகை அப்போது வந்தது. கண்ணீரைத் துடைக்கக் கை வரவில்லை. அவளே துடைத்தாள்.

மறுநாள் காலை பதினொன்று. மத்தியானம் எட்டு. எட்டு என்று சொல்லிவிட்டு நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் டாக்டரைப் பார்க்கப் போனாள்.

விழித்தபோது வாயில் குழாய். என் நெஞ்சு நான் கேட்காமலே ஏறி இறங்கியது. அசைவது கண் மட்டும். மேற்கூரையில் நீர் கசிந்த ஒரு மஞ்சள் கறை. உடம்பில் வலி இருந்தது, தொடுவது தெரிந்தது, மூக்கு அரித்தது. எதையும் யாருக்கும் சொல்ல முடியாது. ஆம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை கண் சிமிட்ட வேண்டும் என்று புஷ்பம் பழக்கினாள். கேட்கத் தெரிந்த கேள்விக்குத்தான் அந்தப் பதில் உதவும். மூக்கு அரிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் அவரை உள்ளே விடுவார்கள். பச்சை அங்கியும் முகமூடியுமாக வந்து நிற்பார். நாங்கள் முப்பது வருடமாகச் சாப்பாட்டையும் பால்காரரையும் தவிர அதிகம் பேசிக்கொண்டவர்கள் இல்லை. இப்போது சாப்பாடும் மூக்குக் குழாயில். இரண்டு நாள் சும்மா நின்றுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"நேத்து சென்னை வண்டிக்கு வந்தது முப்பதாயிரத்து நானூத்தி இருபத்தொண்ணு" என்று வாசித்தார்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. செத்துக்கொண்டிருக்கிற பெண்டாட்டியிடம் சொல்கிற செய்தியா? பத்து நிமிடம் முடிந்து போய்விட்டார். அந்த எண் மட்டும் போகவில்லை. 30421. ஒற்றைப்படை. இலக்கங்களைக் கூட்டினால் பத்து, மூன்றால் வகுபடாது. ஏழால்? ஆறு மிச்சம். பதினொன்று, பதின்மூன்று, பதினேழு என்று ஏறிக்கொண்டே போனேன். இருபத்தொன்பதுக்கு வந்தபோது மிச்சமில்லாமல் விழுந்தது. இருபத்தொன்பது பெருக்கல் ஆயிரத்து நாற்பத்தொன்பது. அந்த நேரம் முழுக்க நான் என் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கவனிக்கவே இல்லை.

மாலையில் அவர் வந்ததும் கண்ணைச் சிமிட்டத் தொடங்கினேன். நான் நிறுத்தாமல் சிமிட்டுவதைப் பார்த்து அவர் கத்தினார். "சிஸ்டர், இங்கன வாங்க, இவளுக்கு என்னமோ ஆவுது!" புஷ்பம் ஓடி வந்தாள். நான் முதலிலிருந்து தொடங்கினேன். அவள் மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு மெதுவாக எண்ணினாள்.

"இருவத்தொம்பது" என்றாள். "டீச்சர் ஏதோ நம்பர் சொல்லுதாவ சார்."

அவர் நோட்டைப் புரட்டினார். கைபேசியில் வகுத்துப் பார்த்தார். முகமூடிக்கு மேலே அவர் கண் நனைவதைப் பார்த்தேன். "ஏ சண்டாளி" என்றார், "அதுக்குள்ள ஒடச்சிட்டியா?"

அதன்பிறகு தினம் ஒரு நம்பர் வந்தது. 22477 என்று ஒன்று. ஏழு, பதின்மூன்று, பதின்மூன்று, பத்தொன்பது என்று உடைந்தது. இரண்டு பதின்மூன்று வந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னால் யாருக்கும் விளக்க முடியாது. இருபத்தாறு வருடம் காரணிப்படுத்துவதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மதிப்பெண் இல்லாமல், மணி அடிக்காமல், யாரையும் திருத்தாமல் ஓர் எண்ணைச் சும்மா வைத்துக்கொண்டு இருந்தது அதுதான் முதல் தடவை.

பக்கத்துக் கட்டிலில், திரைக்கு அப்பால், நாற்பது வயதுக்காரர் ஒருவர் நுரையீரல் கெட்டு மிஷினில் இருந்தார். முகம் பார்த்ததில்லை. அவர் மனைவியின் குரல்தான் தெரியும். மாஞ்சோலை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த குடும்பம். அவள் தினமும் தன் மொட்டைமாடிப் பூச்சட்டிகளைப் பற்றி அவரிடம் பேசுவாள். மலையிலிருந்து கொண்டுவந்த ரோஜாக் குச்சி துளிர் விட்டது, வெயிலுக்கு வாடியது, சாக்கு கட்டி நிழல் போட்டேன் என்று. ஒருநாள் "மொட்டு வச்சிருக்கு, கேட்டியளா" என்றாள். மறுநாள் அவருடைய மிஷின் கத்தியது. நிறையக் கால்கள் ஓடின. என் பக்கத்துத் திரையை யாரோ இழுத்து மூடினார்கள். சத்தம் நின்ற பிறகு வந்த அமைதியில் என் மிஷின் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. அதற்கும் அதே மாதிரி மணி உண்டு என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாளில் எனக்குக் காய்ச்சல் வந்தது. குழாய் வழியாக நுரையீரலில் கிருமி இறங்கிவிட்டது. தொண்டையில் துளை போட்டுக் குழாயை அங்கே மாற்றினார்கள். மருந்தை மாற்றினார்கள். நான் எண்ணைத் தேடினேன். மனதில் நிற்கவில்லை. பதின்மூன்றை ஏழால் பெருக்க முடியவில்லை. பதின்மூன்று என்றால் என்ன என்பதே கைநழுவியது. கால் போனபோதும் கை போனபோதும் இவ்வளவு பயப்படவில்லை.

எங்கள் சபைப் போதகர் வந்தார். நாங்கள் ஐயர் என்போம். அவர் எனக்காக வேதாகமத்திலிருந்து எந்தச் சங்கீதத்தைத் தேர்ந்தெடுத்து வாசித்தார் என்பதை வைத்து என் நிலைமையைப் புரிந்துகொண்டேன். அப்புறம் பார்வை நேரம் இல்லாத நேரத்தில் என் கணவரை உள்ளே விட்டார்கள். அது எதற்காக என்றும் தெரியும். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியையும் அப்படித்தான் விட்டார்கள்.

அவர் என் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நம்பர் இல்ல, ஜெயா" என்றார். "ரெண்டு நாளா நான் லைன் பக்கம் போவல."

நான் இரண்டு தடவை கண் சிமிட்டினேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி இரண்டு தடவை.

"என்ன வேண்டாங்குத? போவாம இருக்க வேண்டாமா?"

ஒரு தடவை.

"போவச் சொல்லுதியா?"

ஒரு தடவை.

போனார். அன்று மாலை சட்டையெல்லாம் மழையில் நனைந்து, ஓர் எண்ணோடு வந்தார். 30137. அதை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஏழால் வகுப்பேன், மிச்சம் இரண்டு. அடுத்ததற்குப் போகும்போது எண் கலைந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. எத்தனை தடவை தொடங்கினேன் என்று தெரியாது. எப்போது தூங்கினேன், எப்போது நினைவு தப்பினேன் என்றும் தெரியாது. நூற்று எழுபத்துமூன்று வரை நாற்பது பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். மூன்று நாள் ஆயிற்று. அதற்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருந்தது.

காய்ச்சலை இறக்கியது மாற்றிப் போட்ட மருந்து. எண் அல்ல. இதைப் படிக்கிறவர்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்புக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தபோது நான் போய் இருப்பதற்கு எனக்கு ஓர் இடம் இருந்தது. அவ்வளவுதான். அந்த இடத்தை வாங்கிக்கொடுத்தது, நான் முப்பது வருடம் கேலி செய்த ஒரு நோட்டு.

"எதுல வகுபடுது?" என்று அவர் கேட்டார்.

இரண்டு சிமிட்டல்.

"எதுலயுமே இல்லியா?"

ஒரு சிமிட்டல்.

"பெரிய ஆளுதாம் போலயே" என்றார், எஞ்சினைப் பற்றி. அந்தக் குரலில் இருந்த மரியாதையைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

நோய் ஏறிய வேகத்தில் இறங்காது. பதினெட்டு நாள் மிஷினில் இருந்தேன். கழற்றிய பிறகு ஒரே மூச்சில் ஆறு எண்ணினேன். அடுத்த வாரம் பதினான்கு. வலது கை ஆள்காட்டி விரல் முதலில் அசைந்தது. மைனி அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். தொண்டைத் துளையை மூடிப் பேச விட்ட அன்று, நான் யோசித்து வைத்திருந்ததை அவரிடம் சொன்னேன். காற்றாகத்தான் வந்தது.

"அந்தப் பதினாலு நோட்ட... எடைக்குப் போட்டது... தப்புங்க."

"அத விடு" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"எனக்கு ரொம்பக் கோவம்" என்றார். "நாலு மாசம் ஒங்கிட்ட சரியாப் பேசல. நீ கவனிக்கவே இல்ல."

உண்மைதான். நான் கவனிக்கவில்லை. விடைத்தாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. நாலுகால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். பேனா பிடிக்க வருகிறது, எழுத்துதான் கோணலாக விழுகிறது. டியூஷன் இல்லை. சாயங்காலம் அவர் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு முன்னே போவார், நான் பைய நடந்து போய்ச் சேருவேன். அவர் நம்பரை எழுதுவார், நான் அதை உடைப்பேன். உடைத்ததை அவர் பக்கத்திலேயே எழுதிக்கொள்வார். அந்தப் பெண்ணின் ரோஜாச் செடி என்ன ஆயிற்றோ என்று சில நாள் நினைத்துக்கொள்வேன். அவள் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை.

போன வியாழக்கிழமை இரண்டு பாதத்திலும் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. வெள்ளிக்கிழமை கணுக்காலுக்கு மேலே. இந்தத் தடவை நான் மறைக்கவில்லை, தொட்டுப் பார்த்தேன், அன்றைக்கே அவரிடம் சொன்னேன். டாக்டரிடம் தொலைபேசியில் பேசினோம். நரம்பு மறுபடி வளரும்போதும் அப்படி இருக்கலாம் என்றார். கொஞ்சம் பேருக்கு நோயே திரும்பி வருவதும் உண்டு என்றார். எது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும், திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வாருங்கள், மருத்துவமனையில் தங்கத் தயாராக வாருங்கள், அதற்குள் கூடினால் காத்திருக்க வேண்டாம் என்றார்.

நேற்று ஞாயிறு. கோவிலிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு நான் ஒரே மூச்சில் எண்ணிப் பார்த்தேன். முப்பத்திரண்டு. போன வாரம் முப்பத்தைந்து வரை போயிருந்தது. அவர் நாற்காலியை எடுத்தார்.

மேற்கே மலைப்பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர் வண்டி வேகமாக வந்து போயிற்று. கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று எங்கள் இரண்டு பேருக்கும் சரியாகத் தெரியவில்லை.

"மூணுன்னு போடுங்க" என்றேன். "எட்டுன்னா ரெட்டப்படை. எனக்கு வேலையே இருக்காது."

"ஒனக்காவ எஞ்சின் நம்பர மாத்த முடியாதுட்டி" என்று அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

காற்று ஈரமாக வீசியது. முழங்கால் வரைக்கும் அந்த ஊர்தல் வந்துவிட்டதா, அல்லது நான் நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வீட்டில் பை இன்னும் கட்டவில்லை. மைனிக்குச் சொல்ல வேண்டும், பால்காரரிடம் சொல்ல வேண்டும்.

"சென்னை வண்டிக்கு இன்னும் அரை மணி இருக்கு" என்றார். "போயிருவமா? இருந்து பாத்துட்டுப் போவமா?"

"இருப்போம்" என்றேன்.